மாரிகாலத்தில் தேனீக்களைக் காத்தல்

(நெல், மரக்கறிச் செய்கையாளர்களுக்கு)

குளிர்நாடுகளில் ஆண்டிற் சில மாதங்கள் நிலம் பனியால் மூடப்பட்டுக் கிடக்கும். அக்காலத்தில் அங்கு பூ மலர்வதில்லை. அந்நாட்டுத் தேனீக்கள் கூட்டினுள்ளே ஒன்றோடொன்று நெருங்கித் திரண்டு, கோடையிற் சேர்த்து வைத்த தேனை உண்டு உயிர் தாங்கும். நம் நாட்டில் அத்தகைய பனிக்காலம் இல்லை. ஆகையால் நம் தேனீக்களுக்கு இடர்க்காலமும் இல்லையென்று பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் தவறானது. வடக்கு, கிழக்கு மாகாணங்களிலும் ஏனைய வரண்ட பிரதேசங்களிலும் கடும் வரட்சியைப் போலவே ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையுள்ள மாரியும் தேனீக்களுக்குப் பஞ்சகாலமேயாகும்.

குளிர்நாட்டுத் தேனீ பஞ்சத்தைக் கூட்டுக்குள் இருந்தே கழிக்கும். நம் நாட்டுத் தேனீயோ உணவு குறைந்தாற் கூட்டையே கைவிட்டு, இராணியுடன் கூட்டமாகப் பறந்துபோய்விடும். அவ்வாறு போன கூட்டம் திரும்பி வருவதில்லை. தை மாதத்திற் பூசணியும் பாகலும் பூத்து நிற்கும். ஆனால் தோட்டத்திலே தேனீ இராது. ஆகவே மாரியிற் பெட்டிக்குள் விட்டுவைக்கும் தேன் வீணான தேனன்று. தையிற் பெறப்போகும் காய்களுக்கு முன்கூட்டிக் கொடுக்கும் கூலியாகும். இதனை மனத்திற் கொண்டு, மாரிகாலத்திற் செய்யவேண்டியவற்றைக் கமக்காரர் அறிந்துகொள்ளல் வேண்டும்.

1. நம் நாட்டிலுள்ள தேனீக்கள்

இலங்கையில் நால்வகைத் தேனீக்கள் உள்ளன. உயர்ந்த மரங்களிலும் மலைப்பாறைகளிலும் ஒரே பெரிய வதையைக் கட்டுவது மலைத்தேனீ. பற்றைகளிலுள்ள சிறு கொம்புகளில் உள்ளங்கையளவான ஒரே வதையைக் கட்டுவது கொம்புத்தேனீ. இவ்விரண்டும் திறந்த வெளியில் வாழ்வன. பெட்டியில் வைத்து வளர்க்கத்தக்கவையல்ல. சுவர் வெடிப்புகளிலும் மரப்பொந்துகளிலும் பிசினும் மெழுகும் கலந்து சிறு குடங்கள் போன்ற அறைகளைக் கட்டுவது கொசுத்தேனீ. இதற்குக் கொட்டும் கொடுக்கு இல்லை. மரப்பொந்து, புற்று, கைவிடப்பட்ட பானை முதலிய இருண்ட இடங்களிற் பல வதைகளை அடுக்காகக் கட்டுவதே நாம் பெட்டியில் வளர்க்கும் தேனீயாகும். இப்பிரசுரத்திற் கூறப்படுவன இத்தேனீயைப் பற்றியனவே.

2. தேனீயினால் வரும் பயன்

நெற்பயிர் தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக் கதிர் முற்றுவது; அதற்குத் தேனீயின் உதவி தேவையில்லை. பூசணி, பாகல், வெள்ளரி, வத்தகை ஆகிய கொடிகளின் நிலை வேறு. இவற்றில் ஆண்பூ வேறாகவும் பெண்பூ வேறாகவும் மலர்கின்றன. பெண்பூவின் அடியிற் சிறு பிஞ்சு காணப்படும். ஆண்பூவில் அது இராது. ஆண்பூவின் மகரந்தம் கனமானது. ஒட்டும் தன்மை உடையது. காற்று அதனைக் கொண்டுசெல்லாது. ஒரு பூச்சியே அதனைப் பெண்பூவிற் சேர்த்தல் வேண்டும். பூசணிப் பூ விடியற்காலையில் விரிந்து நண்பகலுக்கு முன் வாடிவிடும். அந்தச் சில மணிநேரத்துள் தேனீ வராவிட்டால், பிஞ்சு மஞ்சளாகி உதிரும். தேனீ வந்தும் மகரந்தம் போதியளவு சேராவிட்டாற் காய் கோணலாகவும் சிறிதாகவும் வளரும்.

இதனை ஒவ்வொருவரும் தம் தோட்டத்திலேயே சோதித்துப் பார்க்கலாம். மறுநாள் விரியப்போகும் இரண்டு பெண்பூ மொட்டுகளை மாலையிலே தெரிந்துகொள்க. ஒன்றை மெல்லிய துணிப்பையால் மூடிக் கட்டுக. மற்றதை மூடாது விடுக. பூ வாடிய பின்னர், அதாவது அடுத்த நாள் மாலையில், பையை அவிழ்த்துவிடுக. ஒரு கிழமை கழித்துப் பார்த்தால், மூடிய பூவின் பிஞ்சு உதிர்ந்திருக்கக் காணலாம். மூடாத பூவின் பிஞ்சும் உதிர்ந்திருந்தால், அத்தோட்டத்திலே தேனீ போதாதென்பதை அறிந்துகொள்ளலாம்.

தேனீ இல்லாத தோட்டத்தில், காலை வேளையில் ஆண்பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, அதன் நடுத்தண்டைப் பெண்பூவின் சூல்முடியில் மெதுவாகத் தடவிக் கையினாலேயே மகரந்தம் சேர்க்கலாம். பத்துக் கொடிக்கு இது இயலும். ஓர் ஏக்கர்ப் பூசணிக்கு நாள்தோறும் இவ்வாறு செய்வதற்கு எத்தனை ஆட்கள் வேண்டும் என்பதைக் கமக்காரரே கணக்கிட்டுக்கொள்ளலாம். அந்த ஆட்களின் வேலையைக் கூலி கேளாது செய்வது தேனீக் கூட்டமாகும்.

3. மாரியில் தேனீ படும் இடர்

மழை பெய்யும்போது தேனீ வெளியே பறப்பதில்லை. நாட்கணக்காக மழை தொடர்ந்தால், கூட்டிலுள்ள அத்தனை தேனீக்களும் சேமித்த தேனையே உண்கின்றன. மழை விட்ட வேளையில் வெளியே சென்றாலும், பூவிலுள்ள பூந்தேன் கழுவுண்டு போயிருக்கும். மகரந்தமும் நனைந்து பயனற்றிருக்கும்.

கூட்டினுள் வளரும் குஞ்சுகளுக்குத் தேனைப் போலவே மகரந்தமும் இன்றியமையாதது. மகரந்தம் வராவிடின் இராணி முட்டையிடுவதைக் குறைத்து, ஈற்றில் நிறுத்திவிடும். முட்டையிலிருந்து ஒரு வேலைத்தேனீ உருவாகி வெளிவர ஏறக்குறைய 20 நாட்கள் செல்லும். அது வெளிவேலைக்குச் செல்ல மேலும் இரண்டு, மூன்று கிழமைகள் வேண்டும். ஆகவே தையிற் பூக்கும் பயிருக்கு வேலை செய்யும் தேனீ, மார்கழியில் இட்ட முட்டையிலிருந்தே வரல் வேண்டும். மார்கழியிற் கூடு பட்டினி கிடந்தால், தையில் வேலைக்கு ஆள் இல்லை.

கூட்டம் ஓடிப்போகுமுன் சில குறிகள் தோன்றும்.

(அ) காலில் மகரந்த உருண்டையுடன் வரும் தேனீக்கள் மிகவும் குறையும்.
(ஆ) வதையில் முட்டையும் இளம் புழுவும் காணப்படா.
(இ) தேன் அறைகள் வெறுமையாகக் கிடக்கும்.
(ஈ) தேனீக்கள் வதையில் அமைதியாக இராது அங்குமிங்கும் ஓடும்.

இக்குறிகளைக் கண்டவுடன் அன்று மாலையே சீனிப்பாகு வைத்தல் வேண்டும். வேறு நல்ல கூடு இருப்பின், அதிலிருந்து முட்டையும் இளம் புழுவும் உள்ள ஒரு வதையைத் தேனீக்களை உதறிவிட்டு எடுத்து, இக்கூட்டில் வைத்தல் நன்று. வளர்க்க வேண்டிய குஞ்சு இருக்கும்போது கூட்டம் எளிதிற் கூட்டைக் கைவிடுவதில்லை.

4. ஐப்பசிக்கு முன் செய்யவேண்டியவை

தேன் எடுத்தல்: புரட்டாதி பிறந்த பின்னர்ப் பெட்டியிலிருந்து தேன் எடுத்தலாகாது. குஞ்சறையிலுள்ள தேனை எக்காலத்திலும் எடுத்தலாகாது; அது தேனீக்களின் சொந்த உணவு. குஞ்சறையின் இரு ஓரங்களிலும் உள்ள வதைகளில் மெழுகால் மூடிய தேன் நிறைந்திருப்பின், கூடு மாரிக்கு ஆயத்தமாகிவிட்டதெனக் கொள்ளலாம். பெட்டியின் பின்பக்கத்தை ஒரு கையாற் சிறிது தூக்கிப் பார்த்தாலும் இருப்பு விளங்கும். பாரமின்றி எழும்பினால் உணவு போதாது. பெட்டியைத் திறவாமலே செய்யத்தக்க இச்சோதனையை மாரி முழுவதும் கிழமைக்கு ஒருமுறை செய்க.

நலிந்த கூடுகளைச் சேர்த்தல்: நான்கு வதைகளையேனும் தேனீக்கள் நிறைய மூடியிராத கூடு மாரியைக் கடத்தல் அரிது. இரண்டு நலிந்த கூடுகளைத் தனித்தனியே வருந்திக் காப்பதிலும், ஒன்றாக்கி ஒரு வலிய கூட்டைக் காப்பதே சிறந்தது. இரு பெட்டிகளையும் நாளுக்கு ஓரடி வீதம் நகர்த்தி அருகருகே கொண்டுவருக. குறைந்த இராணியை நீக்கியபின், ஒரு மாலைப்பொழுதில் நல்ல கூட்டின் குஞ்சறைமேற் புதினத்தாள் ஒன்றை விரித்து, ஊசியாற் சில துளைகள் இட்டு, இராணி நீக்கிய குஞ்சறையை அதன்மேல் வைக்க. தேனீக்கள் தாளைக் கடித்து வழிசெய்யுமுன் இரு கூட்டத்தின் மணமும் ஒன்றாகிவிடும், சண்டை நிகழாது.

பெட்டி வைக்கும் இடம்: வெள்ளம் தேங்கும் பள்ளத்திற் பெட்டி இருத்தலாகாது. நான்கு கால்களையுடைய தாங்கியை மேட்டுநிலத்தில் நாட்டி, வெள்ளம் எட்டாத உயரத்திற் பெட்டியை வைக்க. வாசல் வாடைக்காற்றுக்கு நேர் எதிரே இருப்பின் மழைச்சாரல் உள்ளே அடிக்கும். ஆகவே தெற்கோ தென்கிழக்கோ நோக்கியிருத்தல் நன்று. பெட்டியை ஒரே நாளிற் தூரத்துக்கு நகர்த்தினால், வெளியே சென்ற தேனீக்கள் பழைய இடத்துக்கே வந்து மடியும்; சிறிது சிறிதாகவே நகர்த்துக. முன்பக்கம் சற்றுத் தாழ்ந்திருந்தால், உட்புகுந்த நீர் வாசல் வழியே வடிந்துவிடும்.

கூரை: பெட்டியின் மேல் ஒரு சாண் அகலம் வெளியே நீளுமாறு கிடுகாற் கூரையிடுக. பெட்டியைப் பொலித்தீனாற் சுற்றிக் கட்டுதல் தீது. தேனீக்களின் மூச்சினாலும் தேனிலிருந்து எழும் ஆவியினாலும் உள்ளே ஈரம் தங்கி, வதை பூஞ்சணம் பிடிக்கும். தேனீக்குச் சாரலிலிருந்து காப்பும் வேண்டும், காற்றோட்டமும் வேண்டும்.

5. சீனிப்பாகு ஊட்டல்

இருப்புக் குறைந்த கூட்டுக்குச் சீனிப்பாகு வைத்தல் அவசியம். இருப்பைப் பெருக்குவதற்காகப் புரட்டாதி, ஐப்பசியில் 1 லீற்றர் நீருக்கு 2 கிலோ சீனி சேர்த்துக் கட்டியான பாகு வைக்கலாம். இராணியை முட்டையிடத் தூண்டுவதற்காக மார்கழியில் 1 லீற்றர் நீருக்கு 1 கிலோ சீனி சேர்த்து நீர்த்த பாகு வைக்கலாம். நீரைக் கொதிக்கவைத்து அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே சீனியைக் கரைக்க வேண்டும். அடுப்பில் வைத்துக் காய்ச்சினாற் சீனி கருகும். கருகிய சீனி தேனீக்குத் தீங்கு செய்யும். சுத்தமான வெள்ளைச் சீனியையே பயன்படுத்துக. பனங்கட்டி, சர்க்கரை முதலியவற்றிலுள்ள பிறபொருள்கள் தேனீயின் வயிற்றைக் கெடுக்கும். கடையில் வாங்கிய தேனையும் வைத்தலாகாது. நோயுற்ற கூட்டின் தேனாயின் நோயும் உடன்வரும்.

ஆறிய பாகை ஒரு சிரட்டையில் வார்த்து, தேனீ மூழ்கி இறவாதபடி சுத்தமான சிறு குச்சிகளையோ வைக்கோற் துண்டுகளையோ மிதக்கவிட்டு, பெட்டியினுள் வதைகளுக்கு மேலாக வைக்க. ஒருமுறைக்கு ஒரு சிரட்டையளவு போதும். கிழமைக்கு இருமுறை வைக்கலாம். தேனீக்கள் ஒரே இரவிற் குடித்து முடிக்கும் அளவே வைத்தல் வேண்டும். எஞ்சிய பாகு புளித்துப்போகும்.

மூன்று விதிகளை மறத்தலாகாது. முதலாவது, பொழுது சாய்ந்த பின்னரே பாகு வைக்க வேண்டும். பகலில் வைத்தால் மற்றைய கூட்டுத் தேனீக்கள் கொள்ளையிட வரும். இரண்டாவது, பெட்டிக்கு வெளியே ஒரு துளியேனும் சிந்தலாகாது. சிந்தினால் எறும்பு வரும். மூன்றாவது, பாகு வைக்கும் காலத்தில் தேனறை பெட்டியில் இருத்தலாகாது. தேனீ சேர்த்துவைக்கும் சீனிப்பாகு தேனாகாது. அதனைத் தேனென்று விற்பது வாங்குபவரை வஞ்சிப்பதாகும்.

6. பகைகளிலிருந்து காத்தல்

எறும்பும் முசுறும்: மாரியில் நிலத்தில் நீர் ஊறும்போது எறும்புகள் உலர்ந்த இடம் தேடி ஏறும். தாங்கியின் ஒவ்வொரு காலையும் நீர் நிறைந்த பாத்திரத்தில் நிறுத்துக. மரக்கிளையோ புல்லோ பெட்டியிற் தொட்டுக்கொண்டிருப்பின் அதுவே எறும்புக்குப் பாலமாகும், வெட்டி விலக்குக.

மெழுகுப் புழு: தேனீக்கள் மூடியிராத வதையில் அந்துப்பூச்சி முட்டையிடும். அதன் புழுக்கள் மெழுகைக் குடைந்து வலை பின்னும். கூட்டம் குறைந்தவிடத்து, வெறும் வதைகளை எடுத்துவிட்டு, தேனீக்கள் நிறைய மூடக்கூடிய அளவே விட்டுவைக்க. அடிப்பலகையிற் சேரும் மெழுகுத் தூளை அடிக்கடி துடைத்து எரித்துவிடுக. நிலத்திற் கொட்டினாற் புழு அங்கேயே வளரும்.

குளவி: வாசலுக்கு எதிரே பறந்து நின்று தேனீக்களைப் பிடிக்கும். வாசலை இரு தேனீக்கள் புகுந்து செல்லும் அளவுக்குச் சுருக்கினாற் காவற் தேனீக்களுக்கு எளிது.

மழை பெய்யும்போது பெட்டியைத் திறத்தலாகாது. வெயில் எறிக்கும் நாளிற் காலை 9 மணிக்கும் 11 மணிக்கும் இடையில் திறந்து, விரைவாகப் பார்த்து மூடிவிடுக.

7. வரம்பிலும் வேலியிலும் பூ

சீனிப்பாகு தேனுக்கு ஈடு செய்யலாம், மகரந்தத்துக்கு ஈடாகாது. ஆகவே மழை விட்ட ஒரு மணிநேரத்திலும் தேனீ சென்றடையத்தக்க பூ, பெட்டிக்கு அண்மையில் இருத்தல் வேண்டும். தென்னை ஆண்டு முழுவதும் பாளை விரிப்பது. வாழைப் பூவிற் பூந்தேன் மிகுதி. கிணற்றடி வாழை தேனீக்கு ஒரு களஞ்சியம். முருங்கை, துளசி ஆகியவற்றையும் வேலியோரத்தில் நட்டுவைக்கலாம். மாரியிற் தானாக முளைக்கும் தும்பையையும் தொட்டாற்சுருங்கியையும் களையென்று முற்றாக அழித்துவிடாது, பயிருக்கு இடையூறில்லாத ஓரங்களில் விட்டுவைக்க. களைநாசினி தெளித்து வெறுமையாக்கிய வரம்பிலே தேனீக்கு உணவில்லை. மரக்கறிப் பாத்தியின் ஓரத்தில் இரு வரிசை கொத்தமல்லியோ சூரியகாந்தியோ விதைத்தால், வீட்டுக்கும் பயன், தேனீக்கும் பயன்.

8. மருந்து தெளிக்கும்போது

மாரி முழுவதும் வருந்திக் காத்த கூட்டத்தை ஒரு காலைப்பொழுதில் தெளித்த பூச்சிநாசினி அழித்துவிடும். நெல் வயலுக்குத் தெளிப்பதாற் தேனீக்குத் தீங்கில்லையென்று எண்ணுதலும் பிழை. நெல் பூக்கும் வேளையில் தேனீக்கள் மகரந்தப் பொடிக்காகக் கதிர்களுக்கு வருவதுண்டு. வரம்பிலுள்ள பூக்களிலும் மருந்து படியும். வயல்நீரையும் தேனீ குடிக்கும்.

பீடையின் சேதம் மருந்து தெளிக்கவேண்டிய அளவுக்கு உளதா என முதலிற் பார்த்துத் துணிக. தெளித்தே ஆகவேண்டுமாயின், பூசணி, பாகற் பூக்கள் வாடித் தேனீக்கள் கூடடைந்த மாலை வேளையிற் தெளிக்க. பயிர்ச்சாற்றோடு கலந்து பரவும் மருந்துகள் பூந்தேனிலும் மகரந்தத்திலும் சேருமாதலால், பூக்கும் பயிருக்கு அவற்றைத் தவிர்க்க. தூளாகத் தூவும் மருந்து மகரந்தத்தோடு ஒட்டிக் கூட்டுக்குள் செல்லும்; அதையும் விலக்குக. அயலிலே தேனீப் பெட்டி வைத்திருப்பவருக்கு முதல்நாளே அறிவித்தல் நல்ல அயலவர் கடமை.

9. பெட்டி இல்லாதவர் செய்யத்தக்கவை

தேனீப் பெட்டி இல்லாத கமக்காரரும் தேனீயைக் காக்கலாம். வளவிலுள்ள பட்ட மரத்தின் பொந்தில் ஒரு கூட்டம் குடியிருப்பின், மரத்தை விறகுக்குத் தறிக்காது விடுக. இரவிற் பந்தம் கொளுத்திக் கூட்டை எரித்து ஒரு போத்தல் தேன் எடுப்பவர், அடுத்த போகத்தில் அத்தோட்டத்துக்கு வேலை செய்யவேண்டிய ஆயிரக்கணக்கான தேனீக்களை எரித்தவராவார். சுவரிலுள்ள கொசுத்தேனீக் கூட்டை மண்பூசி மூடாது விடுவதும் நன்று. தேனீக் கூட்டம் வந்து தங்குவதற்காக, வாய் சிறுத்த பழம்பானை ஒன்றை நிழல் மரத்திலே கவிழ்த்துக் கட்டிவைக்கலாம்.

10. மாதந்தோறும் செய்யவேண்டியவை

புரட்டாதி: தேன் எடுத்தலை நிறுத்துக. கூடுகளின் இருப்பைப் பார்க்க. நலிந்தவற்றைச் சேர்க்க. கூரையையும் தாங்கியையும் திருத்துக.

ஐப்பசி: இருப்புக் குறைந்த கூட்டுக்குக் கட்டியான பாகு வைக்க. வெறும் வதைகளை எடுத்து உருக்குக.

கார்த்திகை: கிழமைக்கு ஒருமுறை பெட்டியைத் தூக்கிப் பார்க்க. எறும்புப் பாத்திரங்களைக் கவனிக்க. தேவையின்றித் திறவாதொழிக.

மார்கழி: நீர்த்த பாகு வைத்து இராணியை முட்டையிடச் செய்க. முட்டையும் இளம் புழுவும் உளவா எனப் பார்க்க.

தை: பூசணி, பாகற் கொடிகள் பூத்ததும் பாகை நிறுத்துக. காலையில் 7 மணியளவிற் கொடிகளிடையே நின்று, பூவுக்கு வரும் தேனீக்களைப் பார்க்க.

மலைநாட்டிலும் தென்மேற்குப் பகுதிகளிலும் உள்ளோர், தென்மேல் பருவமழை பெய்யும் வைகாசி தொடக்கம் ஆவணி வரையுள்ள மாதங்களுக்கு இம்முறைகளைப் பொருத்திக்கொள்க.

நெல்லுக்கு விதைநெல் ஒதுக்காது அத்தனையையும் குற்றி உண்பவர் அடுத்த போகத்தில் விதைப்பதற்கு வழியின்றி நிற்பார். கூட்டிலுள்ள கடைசி வதைத் தேனையும் பிழிந்தெடுப்பவரின் நிலையும் அதுவே. விதைநெல்லைப் போலத் தேனீயின் உணவையும் ஒதுக்கி வைப்பவருக்குத் தையிற் காயும், பங்குனி, சித்திரையிற் பனையும் வேம்பும் பூக்கும்போது தேனும் கிடைக்கும்.

தேனீ வளர்ப்புப் பற்றி மேலும் அறிய விரும்புவோர் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுக. விவசாயத் திணைக்களத்தின் தேனீ வளர்ப்புப் பிரிவு பண்டாரவளையில் உள்ளது.